வெறும் சால்னா

குற்றால அருவியில் குளித்த ஈரம் காயாமல், தென்காசி சாலையோரப் பரோட்டாக் கடையில் உட்கார்ந்திருக்கிறேன். நல்ல பசி. புத்த தியானம் பழகத் தொடங்கிய இந்த ஓராண்டாக நான் இறைச்சி தொடுவதில்லை. அதைச் சொல்லித்தான் பரோட்டா கேட்டேன். கடைக்கார அக்கா பரோட்டாவை இலையில் பிய்த்துப் போட்டு, நான் தடுப்பதற்குள் சால்னாவை ஊற்றிவிடுகிறார்.

“கறித்துண்டு ஒண்ணுகூட விழல அண்ணாச்சி. வெறும் சால்னாதான், சைவம்.”

தியானத்தில் பழகியபடி கண்ணை மூடி, முதல் விள்ளலை நிதானமாக மெல்லுகிறேன். மிளகு தெரிகிறது, தேங்காய் தெரிகிறது. அடுத்து, கோழி தெரிகிறது. அவசரமாகத் தின்றிருந்தால் தெரிந்தே இருக்காது. அவர் முன்னால் துப்ப மனம் வரவில்லை, விழுங்கிவிடுகிறேன்.

“ஏன் கண்ண மூடிட்டிய? உப்பு கூடிட்டோ?”

“இது கோழி வெந்த சாறு, அக்கா.”

அவர் முகம் வாடிப்போகிறது. “துண்டு இல்லன்னா சைவம்னுல்லா குடுக்கேன். இங்கன எல்லாரும் அப்படித்தான் திங்காவ.”

இலையை எடுத்துவிட்டு, சீனி தொட்டுச் சாப்பிட வேறு பரோட்டாவைக் கல்லில் போடுகிறார். ஆனாலும் மனசு கேட்காமல், கொஞ்சம் சால்னாவை உள்ளங்கையில் விட்டு நக்கிப் பார்க்கிறார். என்னைப் போலவே கண்ணை மூடிக்கொள்கிறார்.

“ஆமா, கோழிதான் முன்ன நிக்கி. இத்தன வருசமா ஊத்துதேன், ஒரு நாளும் நின்னு ருசி பாத்ததில்ல.”

கல்லில் என் பரோட்டா கருகும் வாசம் வருகிறது. அவர் இன்னும் கண்ணைத் திறக்கவில்லை. நானும் அவரைக் கூப்பிடவில்லை.