தபாலில் வந்த தண்டனை

முப்பத்து மூன்று வயதில் நான் கூடைப்பந்து விளையாடப் போனேன். ஜேர்மனியின் கெல்சென்கிர்ச்சன் நகரில் எங்கள் ஆட்களுக்கு அது பெரிய பகிடியாக இருந்தது. "ரெண்டு பிள்ளை பெத்த பிறகு பந்தோ?" என்று கோயிலில் ஒரு அக்கா வாய்விட்டே கேட்டார். யாழ்ப்பாணத்தில் பள்ளிக்கூட வலைப்பந்தாட்ட அணியில் இருந்தவள் நான் என்று சொன்னால் ஒருவரும் நம்பவில்லை.

என்னை அதற்குள் இழுத்துவிட்டவர், நான் வேலை செய்த முதியோர் இல்லத்தின் ஹவுஸ்மைஸ்டர். குழாய் ஒழுகினாலும் கதவு இறுகினாலும் மின்குமிழ் போனாலும் அவரைத்தான் கூப்பிடுவோம். வேர்ஜீனியாவில் பிறந்த கறுப்பு அமெரிக்கர். இராணுவத்தில் சேர்ந்து ஜேர்மனிக்கு வந்தார். ஒரு ஜேர்மன் பெண்ணைக் கல்யாணம் செய்தார். அந்த உறவு முறிந்த பிறகும் ஊருக்குத் திரும்பவில்லை. மாலை நேரங்களில் எங்கள் பகுதிப் பெண்கள் அணிக்கு அவர்தான் பயிற்சியாளர். ஒருநாள் உணவறையில் ஒரு மூதாட்டியின் கையிலிருந்து நழுவிய தோடம்பழத்தை நான் எட்டிப் பிடித்ததைப் பார்த்துவிட்டு, நேரே வந்து கேட்டார். நாங்கள் பேசிக்கொண்டது ஜேர்மன். அவர் சொன்னவற்றை என் வாய்க்கு வருகிற தமிழில் எழுதுகிறேன்.

"நீர் எங்கை விளையாடினனீர்?"

"பள்ளிக்கூடத்திலை. அது வலைப்பந்து. இது வேறை."

"வியாழக்கிழமை வாரும். வேறையோ இல்லையோ எண்டு நான் பாக்கிறன்."

வேறுதான். வலைப்பந்தில் பந்தைப் பிடித்தவள் ஓடக் கூடாது. பந்து கைக்கு வந்ததும் என் கால்கள் தாமாகவே நின்றுவிடும். மற்றப் பெண்கள் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. "நிண்டு பாக்கப் பழகின கண் உமக்கு. மிச்ச ஆக்களிட்டை அது இல்லை" என்று சொல்லி, அணியிலேயே குள்ளியான என்னை ஆட்டத்தை நடத்துகிற இடத்தில் விட்டார். யாருக்கு எப்போது பந்து போக வேண்டும் என்று தீர்மானிக்கிற இடம் அது.

ஏன் என்னை அங்கே விட்டார் என்று பிறகுதான் தெரிந்தது. பள்ளிக்கூடத்தில் அவர் அமெரிக்கக் கால்பந்து விளையாடியவர். அணியிலேயே தூரமாகவும் குறி தப்பாமலும் பந்து எறிந்தவர் அவர்தான். ஆனால் பந்தை எறிகிறவன்தான் ஆட்டத்தை யோசிக்கிறவன், அந்த இடம் வெள்ளைப் பொடியனுக்கு. "உனக்கு நல்ல கால், நீ ஓடு" என்று அவருடைய பயிற்சியாளர் சொல்லிவிட்டார். "என்ரை கால் அவருக்குத் தெரிஞ்சுது. தலை தெரியேல்லை" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. பந்துகளைச் சாக்கில் போட்டுக் கட்டிக்கொண்டே சொன்னார்.

இரண்டாயிரத்து எட்டாம் ஆண்டு இலையுதிர் காலம். அமெரிக்காவில் ஒரு கறுப்பினத்தவர் ஜனாதிபதியாகப் போட்டியிட்டுக்கொண்டிருந்தார். இல்லத்தில் முதியவர்கள்கூட அதைப் பற்றியே பேசினார்கள். ஹவுஸ்மைஸ்டரைக் கண்டால் போதும், "உங்கட ஆள் வெல்லுவாரோ?" என்று கேட்பார்கள், ஏதோ அவருடைய தம்பிதான் போட்டியிடுவது போல. அவர் புன்னகையோடு போய்விடுவார்.

அக்டோபர் முடிவில் அந்தப் புன்னகையும் நின்றது. பயிற்சிக்கு வந்தால் ஒரு மூலையில் உட்கார்ந்திருந்தார். கேட்டுக் கேட்டுப் பார்த்த பிறகு விஷயத்தைச் சொன்னார்.

செப்டம்பரில் ஒரு சனிக்கிழமை பின்னேரம், ட்ராம் தரிப்பிடம் ஒன்றில் யாரோ ஒருவன் இன்னொருவரின் முகத்தில் குத்திவிட்டு ஓடியிருக்கிறான். அடிபட்டவர் பொலிஸிடம் சொன்ன அடையாளம்: உயரமான கறுப்பு ஆள், நீல விளையாட்டு மேலங்கி. ஒரு கிழமை கழித்து எங்கள் பயிற்சியாளர் அதே தரிப்பிடத்தில் அணியின் நீல மேலங்கியோடு நின்றார். பொலிஸ் மறித்தது. அடையாள அட்டையைப் பார்த்து, படம் எடுத்து, விட்டுவிட்டது. பிறகு விளக்கம் கேட்டுக் கடிதம் வந்தது. அவர் பதில் எழுதவில்லை. பொலிஸுக்கு வாய் திறந்தால் அந்த வாயாலேயே மாட்டுவாய் என்று சின்ன வயதிலிருந்து கேட்டு வளர்ந்தவர். இப்போது தண்டனை ஆணை வந்திருக்கிறது. ஜேர்மனியில் சிறிய வழக்குகளுக்கு அப்படி ஒரு முறை உண்டு. நீதிமன்றத்துக்குப் போகாமலே குற்றவாளி என்று தீர்த்து, அபராதத்தைத் தபாலில் அனுப்பிவிடுவார்கள். இரண்டு கிழமைக்குள் எதிர்த்து எழுதாவிட்டால் அதுவே முடிந்த முடிவு.

"எந்தச் சனிக்கிழமை?" என்று கேட்டேன். சொன்னார். அன்று எங்களுக்குப் போட்டி. அந்த நேரத்தில் அவர் விளையாட்டு மண்டபத்தில் எனக்கு முன்னால் முழந்தாளில் இருந்தார். முதல் பாதியில் என் சுண்டுவிரல் பிசகி, அவர்தான் ஐஸ் வைத்துக் கட்டினார். அந்த விரல் இன்றைக்கும் முழுதாக மடங்காது.

"நான் வந்து சொல்லுறன். முழு அணியும் சொல்லும்."

"வேண்டாம். காசைக் கட்டிப்போட்டு விடுறன். மறியல் வீட்டுக்குப் போகத் தேவையில்லைத்தானே."

"செய்யாததுக்கு ஏன் கட்டுறியள்?"

அப்போதுதான் அவருடைய தம்பியின் கதையைச் சொன்னார். பத்தொன்பது வயதில் ஒரு கடைக் களவில் பிடிபட்டவன். செய்தவன் வேறு ஆள். அரசாங்கம் கொடுத்த வழக்கறிஞர் அவனோடு நடைபாதையில் நின்றபடியே பேசினாராம். வழக்குப் பேசித் தோற்றால் பத்துப் பன்னிரண்டு வருஷம், இப்போதே குற்றத்தை ஒப்புக்கொண்டு ஓம் என்று சொன்னால் மூன்று வருஷம். தம்பி ஓம் என்றான். "எங்கட இடத்திலை வழக்குப் பேசுறவன்தான் விசரன்" என்றார் இவர்.

வீட்டுக்கு வந்து கணவரிடம் சொன்னேன். அவர் சாப்பாட்டுக் கோப்பையைத் தள்ளி வைத்தார்.

"இஞ்சரும், எங்கட பிரஜாவுரிமை விண்ணப்பம் இன்னும் அவங்களிட்டைக் கிடக்கு. இந்த நேரத்திலை கோட்டு கச்சேரி எண்டு திரிஞ்சா அதைப் பிடிச்சு வைச்சிடுவங்கள்."

"சாட்சி சொல்லுறது குற்றமே?"

"குற்றமில்லை. ஆனா எங்களுக்கு என்னத்துக்கு?"

"என்ரை அண்ணைக்குத் தலையாட்டி ஆட்டின நாளிலை, ஆரும் ஒருத்தர் வந்து 'இந்தப் பொடியன் அண்டைக்கு என்னோடைதான் நிண்டவன்' எண்டு சொல்லியிருந்தா?"

ஊரில் இராணுவம் சுற்றிவளைப்பில் பிடித்த பொடியன்களை வரிசையில் விட்டு, முகத்தைச் சாக்கால் மூடிய ஒருவனைக் கொண்டுவந்து இருத்துவார்கள். அவன் தலை ஆட்டினால் ஏற்றிக்கொண்டு போவார்கள். அவனைத்தான் தலையாட்டி என்பது. என் அண்ணை மாதக்கணக்கில் முகாமில் கிடந்து எலும்பும் தோலுமாக வந்தவர். கணவருக்கும் அது தெரியும். தள்ளி வைத்த கோப்பையைத் திரும்ப இழுத்துக்கொண்டார்.

ஆனால் நான் மட்டும் துள்ளி என்ன பயன்? எதிர்த்து எழுத வேண்டியவர் பயிற்சியாளர்தான். நாட்கள் போய்க்கொண்டிருந்தன.

தேர்தலுக்கு மறுநாள் எனக்குக் காலை ஆறு மணி வேலை. நான் உள்ளே போனபோது தொலைக்காட்சி அறையில் வழக்கத்துக்கு மாறாக வெளிச்சம். நடமாடக்கூடிய முதியவர்கள் சிலர் இரவு உடுப்போடே வந்து இருந்தார்கள். திரையில் ஒரு பெரிய திடல், சனக்கூட்டம். அந்த மனிதர் வென்று பேசிக்கொண்டிருந்தார். ஹவுஸ்மைஸ்டர் கருவிப்பெட்டியைக் கீழே வைக்க மறந்து கையில் பிடித்தபடி நின்றார். முன்வரிசையில் இருந்த கிழவி ஒருத்தி திரும்பி, அவருடைய கையைப் பிடித்து, "வாழ்த்துகள்" என்றாள். அப்போதுதான் அவர் பெட்டியைக் கீழே வைத்தார்.

அவருடைய கைப்பேசி அடித்தது. தம்பி. அங்கே இன்னும் இரவு. நடைபாதைக்குப் போய்ப் பேசினார். முதலில் இரண்டு பேரும் கத்திச் சிரித்தது கேட்டது. பிறகு இவர் தண்டனை ஆணையைப் பற்றிச் சொன்னார் போல, குரல் இறங்கியது. நான் தேநீர் வண்டியைத் தள்ளிக்கொண்டு போனபோது சுவரில் சாய்ந்து நின்றார்.

"நேத்து விடிய வெள்ளனத் தொடங்கி என்ரை தம்பி காரோடினவனாம்" என்றார். "தேவாலயத்துக் கிழவியளை ஏத்தி ஏத்தி, வாக்குச்சாவடியிலை இறக்கினவனாம். அவன் உள்ளுக்குப் போகேலாது. அண்டைக்கு ஓம் எண்டு சொன்னவன் எல்லே. மறியல் போய் வந்தவனுக்கு எங்கட மாநிலத்திலை வாக்கில்லை. ஆளுநர் மனம் வைச்சுத் திருப்பித் தந்தாத்தான் உண்டு."

"இப்ப என்ன சொன்னவர்?"

"'மூண்டு வருஷம் எண்டு நினைச்சுத்தான் ஓம் எண்டனான், இருபது வருஷமாகியும் நான் வெளியிலைதான் நிக்கிறன். அண்ணா, நீ ஓம் எண்டு சொல்லாதை' எண்டான்."

அன்று வேலை முடிந்ததும் இரண்டு பேரும் நீதிமன்றத்துக்குப் போனோம். எதிர்ப்பை எழுதிக் கையாலேயே கொடுத்தோம். கவுண்டரில் இருந்த பெண் முத்திரை குத்திவிட்டு, "சரி, அவ்வளவுதான்" என்றாள். எனக்கு நம்ப முடியவில்லை. இவ்வளவுதானா?

வழக்குக்கு மார்ச் மாதத்தில் தவணை கிடைத்தது. அந்த இடைக்காலத்தில் அவர் மெலிந்து போனார். பயிற்சியில் சொன்னதையே திரும்பச் சொல்லுவார். இரவில் நித்திரை இல்லை என்றார். அணித் தலைவி அவருக்கு ஒரு வழக்கறிஞரைப் பிடித்துக் கொடுத்தாள்.

வழக்கு நாளன்று காலை நான் வெளிக்கிட்டுக்கொண்டிருந்தபோது கணவரும் சட்டையை மாட்டினார்.

"நீங்கள் எங்கை?"

"நானும் வாறன். பின் வரிசையிலை இருக்கிறன்."

சந்தோஷத்தில் அழுதுவிடுவேன் போலிருந்தது.

சாட்சிகளை வெளியில் வைத்துத்தான் கூப்பிடுவார்கள். முதலில் நான். நீதிபதி ஒரு பெண், என் வயதுதான் இருக்கும். விரலைக் காட்டச் சொன்னார். காட்டினேன். எத்தனை மணிக்குப் பிசகியது, யார் கட்டியது, ஆட்டம் எப்போது முடிந்தது என்றெல்லாம் நிதானமாகக் கேட்டார். என் ஜேர்மன் தடுமாறியபோது காத்திருந்தார். சொல்லி முடித்ததும் உள்ளேயே இருக்கலாம் என்றார்கள். கணவருக்குப் பக்கத்தில் போய் இருந்தேன்.

அடுத்தது அடிபட்டவர். ஐம்பது வயது மதிக்கத்தக்க தச்சர். வேலை உடுப்போடே வந்திருந்தார். நான் அவரைக் கெட்டவராகத்தான் கற்பனை செய்து வைத்திருந்தேன். அவரோ தொப்பியைக் கையில் கசக்கிக்கொண்டு பயந்து போய் இருந்தார்.

"உங்களை அடித்தவர் இங்கே இருக்கிறாரா?" என்று நீதிபதி கேட்டார்.

அவர் எங்கள் பயிற்சியாளரைப் பார்த்தார். நீண்ட நேரம் பார்த்தார். கணவரின் கை என் கையை நெரித்தது. அந்தத் தலை எந்தப் பக்கம் அசையப் போகிறது என்று நான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"இல்லை" என்றார் தச்சர். "அவன் சின்னப் பொடியன். இவருக்குத் தாடி நரைச்சிருக்கு."

"பொலிஸில் இவர்தான் என்று சொன்னீர்களே?"

"படத்தைக் காட்டி, இவனா எண்டு கேட்டவை. இருக்கலாம் எண்டனான்."

"எத்தனை பேருடைய படம் காட்டினார்கள்?"

"ஒண்டுதான். இவருடையது."

நீதிபதி பேனையை மேசையில் வைத்துவிட்டு அரச வழக்கறிஞரைப் பார்த்தார். அவர் எழுந்து, தானும் விடுதலையையே கேட்பதாகச் சொன்னார். நீதிபதி எழுந்து நின்றார், நாங்களும் எழுந்தோம். விடுதலை. செலவு அரசுக்கு. எல்லோரும் உட்கார்ந்த பிறகும் எங்கள் பயிற்சியாளர் மட்டும் நின்ற இடத்திலேயே நின்றார். அவருக்கு அந்தச் சொல் விளங்கவில்லையோ என்று நினைத்து, வழக்கறிஞர் ஆங்கிலத்தில் திரும்பச் சொன்னார். விளங்கித்தான் இருந்தது. அப்படியே கதிரையில் உட்கார்ந்து, இரண்டு கைகளாலும் முகத்தைப் பொத்திக்கொண்டார்.

வெளியே தச்சர் அவரிடம் வந்தார். "மன்னிக்க வேணும். நான் வடிவாப் பாத்திருக்க வேணும்" என்றார். இவர் தலையசைத்துக் கை கொடுத்தார். மன்னித்தாரா என்று எனக்குத் தெரியாது. நானாக இருந்தால் உடனே மன்னித்திருக்க மாட்டேன்.

வாசலில் நின்றே தம்பிக்கு எடுத்தார். "முடிஞ்சுது. இல்லை எண்டு சொன்னனான், விட்டிட்டாங்கள்" என்றதும், அந்தப் பக்கத்தில் எழுந்த கூச்சல் எங்களுக்கும் கேட்டது. என் கணவர் சிரித்தார். எத்தனையோ கிழமைக்குப் பிறகு அவர் அப்படிச் சிரித்ததைக் கண்டேன்.

எங்கள் தமிழ்க் கடையில் பயிற்சியாளருக்குச் சூடான ரோல்ஸும் தேத்தண்ணியும் வாங்கிக் கொடுத்தோம். அவர் சாப்பிட்டார், இன்னும் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். பிறகு மூன்று பேரும் ட்ராமில் ஏறினோம். இரண்டு தரிப்பிடம் தாண்டவில்லை, அவருடைய தலை கண்ணாடியில் சாய்ந்தது. வாய் திறந்து, நெஞ்சு ஏறி இறங்க, பட்டப்பகலில் சனத்துக்கு நடுவில் குறட்டை விட்டு நித்திரை கொண்டார். இறங்க வேண்டிய இடம் வந்தது. நான் தட்டி எழுப்பக் கை நீட்டினேன்.

"எழுப்பாதையும்" என்றார் கணவர். "படுக்கட்டும். கடைசித் தரிப்பிடம் மட்டும் போயிட்டுத் திரும்பி வருவம்."

கதவு மூடியது. ட்ராம் எங்கள் தெருவைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தது.