தரைக்குள்ளால் வந்த காற்று

ஈரச் சீமெந்து மணந்தால், ஹவுகன்ஸ்டுவா என்ற குளிர்நாட்டு ஊரில் நாங்கள் இருந்த, இப்போது இடித்துவிட்ட அந்த நிலவறை வீடுதான் இன்றும் நினைவுக்கு வரும். வீட்டுக்குள் றேடன் என்றொரு வாயு இருக்கிறது, மணமில்லை, நெஞ்சுக்குக் கூடாது என்று வீட்டுக் காற்றை அளக்க வந்தவர் சொன்னார்.

"சீமெந்துக்குள்ளாலை காத்து வருமோ? விசர்க்கதை," என்றார் அப்பா.

அம்மாவோ பயந்து, வெளியிலிருந்து வாயு வராதபடி யன்னல் இடுக்கெல்லாம் துவாய் வைத்து அடைத்தார். தங்கச்சி தரையில் மெத்தை போட்டுப் படுப்பாள். நான் குனிந்து அவள் மூச்சைக் கேட்டுக்கொண்டே இருப்பேன்.

அளக்க வந்தவர் திரும்ப வந்தபோது துவாய்களைப் பார்த்துத் திகைத்தார். வாயு மண்ணிலிருந்து தரை வெடிப்புகளுக்குள்ளால் ஏறுகிறது, நாங்கள் அதை உள்ளே பூட்டி வைத்திருக்கிறோம் என்றார்.

அம்மா ஓடிப்போய் யன்னலைத் திறந்தார். பனிக்காற்று அடித்தது. தங்கச்சி இருமினாள்.

"எந்தக் காத்துக்குப் பிள்ளை இருமுறாள்?" என்று அம்மா என்னைக் கேட்டார்.