ஒரு ஹார்ன் அடித்தால் நிற்பவள்

யசோதாவைத் திட்டுவது ரொம்பச் சுலபம். வாரத்தில் ஆறு நாள் ஒயிட்ஃபீல்டில் ஒரு கண் மருத்துவமனையின் டோக்கன் கவுண்டரில் உட்கார்ந்து, டாக்டர் தாமதமாக வந்ததற்கும் மின்விசிறி சுற்றாததற்கும் சேர்த்துத் திட்டு வாங்குகிறவள் அவள்தான். ஏழாவது நாள், பாலகாட்டில், சுரங்கத் தொழிலாளர்களுக்குக் கட்டிய தன் லைன் வீட்டில் போனைக் கையில் எடுத்து, கார் ரேஸ் விளையாட்டில் முகம் தெரியாதவர்களிடம் திட்டு வாங்குவாள். ரேஸ் முடிந்ததும் எல்லோருக்கும் “நல்ல ரேஸ்” என்று எழுதிப் போடுவாள். ஜெயித்தவனுக்கும் போடுவாள், தன் வண்டியைப் பள்ளத்தில் தள்ளியவனுக்கும் போடுவாள். இப்படி ஒரு நல்ல குணத்தைப் பக்கத்திலிருந்து பார்க்கிறவர்களுக்கு எரிச்சல்தான் வரும். அவள் கணவன் கௌதமனுக்கு நிறையவே வந்தது.

“இருக்கறது ஒரு நாள் லீவு. அதுலயும் இன்னாத்துக்கு இப்டி பேச்சு வாங்கினு கீற?” என்று கேட்பான். அவர்கள் பேசுவது அவர்கள் வாய், நான் எழுதுவது என் விரல் என்பாள் இவள்.

ஏழு வருடத்துக்கு முன்பு, காலை ரயிலில் நின்றுகொண்டே பெங்களூருக்குப் போகும் பன்னிரண்டு பேர் சேர்ந்து அந்த விளையாட்டில் ஒரு கிளப் ஆரம்பித்தார்கள். பெயர் ‘பாலகாட் ஷிப்ட்’. யசோதாதான் கேப்டன். பன்னிரண்டு பேரும் சுரங்கத்தில் வேலை பார்த்த வீட்டுப் பிள்ளைகள் என்பதால், சுரங்கக் குழியான ஷாஃப்டில் மணி அடிக்கும் கணக்கு விளையாட்டுக்குள்ளும் வந்து உட்கார்ந்துகொண்டது. ஆட்களை உள்ளே இறக்கி ஏற்றும் கூண்டான கேஜில் ஆள் ஏறினால் மூன்று மணி, ஓடுகிற கேஜை நிறுத்த ஒரு மணி. கிளப்பில் மணிக்குப் பதில் ஹார்ன். ரேஸ் தொடங்கும் முன் ஒவ்வொருவரும் மூன்று ஹார்ன் அடிக்க வேண்டும். ஒருத்தர் அடிக்கவில்லையென்றாலும் யாரும் கிளம்பக் கூடாது. நடுவில் யார் வண்டியாவது கவிழ்ந்தால் அவர் ஒரு ஹார்ன் அடிப்பார். அது கேட்டதும் எல்லோரும் பிரேக்கை அழுத்த வேண்டும். அந்த விளையாட்டில் கவிழ்ந்த வண்டி தானாக எழாது. இன்னொரு வண்டி வந்து இடித்து நிமிர்த்தினால்தான் உண்டு. நிமிர்த்திவிட்டு எல்லோரும் மறுபடி கிளம்புவார்கள். இப்படி நின்று நின்று ஓட்டினால் எப்படி ஜெயிப்பது என்று கேட்டால், ஜெயிக்கவில்லை என்பதுதான் பதில்.

பன்னிரண்டு பேரில் சிலர் வேலை மாறினார்கள், சிலருக்கு அலுத்துவிட்டது. அந்த இடத்துக்கு வந்தவன் ஷெர்வின். ராபர்ட்சன்பேட்டைப் பையன், பெங்களூரில் ரூம் எடுத்து வேலை பார்க்கிறான். பிரமாதமாக ஓட்டுவான், அதை அவனே சொல்லவும் செய்வான். தன்னோடு இருபது நண்பர்களை அழைத்து வந்தான். மூன்று ஹார்ன் அடிக்க அவர்களுக்குப் பொறுமை கிடையாது. பக்கத்து வண்டியை இடித்துத் தள்ளுவதுதான் அவர்களுக்கு ஆட்டமே. மைக்கில் கன்னடமும் இங்கிலீஷும் கெட்ட வார்த்தையும் கலந்து ஓடும். யசோதாவுக்கு ‘டோக்கன் ஆன்ட்டி’ என்று பெயர் வைத்தார்கள். சாம்பார் அடி பிடிக்கிறது, போய்ப் பாருங்கள் என்றார்கள். அவளுக்கு வலிக்கவில்லை என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். சில ஞாயிறுகளில் “நல்ல ரேஸ்” என்று எழுதி, அழித்து, மறுபடி எழுதிப் போட்டாள்.

போன மாதம் நாற்பது கிளப்புகளுக்கு நடந்த போட்டியில் பாலகாட் ஷிப்ட் முதல் தடவையாகக் கடைசிச் சுற்றுக்குப் போனது. ஷெர்வினால்தான் போனது, அதை மறைக்க முடியாது. முடிவுக்கோட்டுக்குக் கொஞ்ச தூரம் இருந்தபோது, முன்னால் போன நான்கு வண்டிகளும் இவர்களுடையவை. அப்போது பின்னாலிருந்து ஒரு ஹார்ன் கேட்டது. யசோதா நின்றாள். அந்த நான்கில் இருந்த பழைய ஆட்கள் இரண்டு பேரும் நின்றார்கள். எந்த வண்டியும் கவிழ்ந்திருக்கவில்லை. இவர்கள் வழக்கத்தை எப்படியோ தெரிந்துகொண்ட எதிர் கிளப்காரன் ஒருவன் சும்மா அடித்த ஹார்ன் அது. மூன்று பேரும் விழித்துக்கொண்டு கிளம்புவதற்குள் எல்லோரும் தாண்டிப் போய்விட்டார்கள். ஷெர்வின் மட்டும் நிற்கவில்லை. ஆனால் ஒருத்தன் முன்னால் வந்து கிளப்புக்குக் கோப்பை வராது. ஹார்ன் கேட்டு மூன்று வண்டிகள் வரிசையாக நிற்கிற வீடியோ ஊரெல்லாம் சுற்றியது, கீழே சிரிப்புப் பொம்மைகளோடு.

அன்று சாயங்காலம் குரூப்பில் விழுந்த வசவுகளை இங்கே எழுத முடியாது. எழுத முடிந்தது ஷெர்வின் மைக்கில் சொன்னதைத்தான்.

“ஆன்ட்டி, மைன் மூடி இருபது வருசத்துக்கு மேல ஆச்சு. நீங்க இன்னும் கேஜ்லயே நின்னுனு கீறீங்க. எறங்குங்க.”

கேப்டனை மாற்ற ஓட்டு வைத்தார்கள். யசோதா வேண்டாம் என்று இருபத்திரண்டு, வேண்டும் என்று ஆறு. அந்த இருபத்திரண்டில் பழைய ஆள் ஒருவரும் இருந்தார். ஏழு வருடமாக ரயிலில் அவளுக்கு இடம் பிடித்து வைத்தவர். அது மட்டும் அவளைச் சுட்டது. ஆனாலும் ஓட்டுக் கணக்குக்குக் கீழே பழக்க தோஷத்தில் “நல்ல ரேஸ்” என்று போட்டுவிட்டாள். அதற்கும் சிரித்தார்கள்.

இதோடு விட்டுத் தொலை என்றான் கௌதமன். ஆரம்பித்தவள் நான், போகிறவர்கள் போகட்டும் என்றாள் யசோதா. சொன்ன குரலில் நல்ல குணம் எதுவும் இல்லை.

அடுத்த ஞாயிறு புதுக் கேப்டன் ஷெர்வின், ஹார்ன் எதுவும் அடிக்காமல் ரேஸைத் தொடங்கினான். இரண்டாம் சுற்றின் வளைவில், அவன் அழைத்து வந்த நண்பனே அவனை இடித்துப் பள்ளத்தில் உருட்டினான். அவன் கற்றுக்கொடுத்த வித்தைதான். வண்டி தலைகீழாகக் கிடந்தது. உள்ளேயிருந்து ஒரு ஹார்ன் கேட்டது. நண்பர்கள் மைக்கில் ஊளையிட்டுக்கொண்டே ஒவ்வொருவராகத் தாண்டிப் போனார்கள்.

கடைசியாக வந்த யசோதாவின் கட்டைவிரல், யார் என்று பார்ப்பதற்கு முன்பே பிரேக்கை அழுத்திவிட்டது. பெயரைப் பார்த்ததும் அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. போயும் போயும் இவனுக்கா நின்றோம் என்று தன் விரல் மேலேயே கோபம். போய்விடலாமா என்றுகூட நினைத்தாள். பிறகு வண்டியைப் பின்னால் எடுத்து, தேவைக்குக் கொஞ்சம் அதிகமாகவே இடித்து, அவனை நிமிர்த்தி விட்டாள்.

ரேஸ் முடிந்ததும் மைக்கில் ஷெர்வின் கேட்டான், ஏன் நின்றீர்கள் என்று. ஆன்ட்டி என்று சொல்லாமல் கேட்டான்.

“உன்ன எனக்குப் புடிக்காது, ஷெர்வின். நீ திருந்துவன்னும் நிக்கல. ஹார்ன் கேட்டுச்சு, நின்னேன். அடுத்த வாரமும் அட்ச்சா நிப்பேன். அப்பவும் உன்னப் புடிக்காது.”

சொல்லிவிட்டு எல்லோருக்கும் “நல்ல ரேஸ்” என்று போட்டுவிட்டு எழுந்து போனாள். இந்தத் தடவை அழித்து எழுதவில்லை.

மறு ஞாயிறு தொடக்கக் கோட்டில் ஷெர்வினின் வண்டி மூன்று ஹார்ன் அடித்தது. அவன் நண்பர்கள் கெக்கலித்தபடி கிளம்பிப் போய்விட்டார்கள். பழைய ஆட்கள் அன்று யாரும் வரவில்லை. கோட்டில் நின்றது இரண்டு வண்டிகள்தான். அவனைக் கொஞ்ச நேரம் காக்க வைத்துவிட்டு, யசோதா பதிலுக்கு மூன்று அடித்தாள். அவனை அவளுக்கு இன்னும் பிடிக்கவில்லை.