கூரையில் ஒரு சிவப்பு இன்ட்டு மார்க்

கட்டட வேலையில் சேஃப்டி சூப்பர்வைசர் என்பவன், ஒன்றும் நடக்காத நாளில் வெட்டிச் சம்பளக்காரன். ஏதாவது நடந்துவிட்டால் முதல் குற்றவாளி. இதே பிழைப்பில் இருக்கும் சகபாவிகளுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை.

திருத்துறைப்பூண்டி பக்கம் வயல்களுக்கு நடுவே நெல் கிடங்கு கட்டிக்கொண்டிருந்தோம். ஆட்கள் எல்லாரும் ஜார்க்கண்ட். எனக்கு இந்தி வராது. அவர்களில் பலருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. படம் போட்டுவிட்டால் பாஷை எதற்கு என்று பெயிண்டும் பிரஷ்ஷுமாக நானே உட்கார்ந்துவிட்டேன். பள்ளிக்கூடத்தில் ஓவியத்துக்குப் பரிசு வாங்கிய திமிர்.

வெள்ளை ஹெல்மெட்

முதல் படத்தில், கண்ணாடி போட்டுக்கொண்டு ஒருவர் தகரம் வெட்டுகிறார். மாட்டி ஒரு வாரமாகியும் ஒருத்தரும் கண்ணாடியைத் தொடவில்லை. "புரிஞ்சுதா?" என்றால் மட்டும் எல்லாத் தலையும் ஆடும். ஒருநாள் கத்தியேவிட்டேன். மூன்று வருஷமாக நம் பக்கம் வேலை பார்த்துத் தமிழ் பழகியிருந்த மங்ளு தயங்கித் தயங்கிச் சொன்னார்:

"படத்துல இருக்கறவரு வெள்ளை ஹெல்மெட் சார். அது இன்ஜினியருக்கு. நாங்க மஞ்சள்."

காட்டின இடம்

ஹெல்மெட்டை மஞ்சளாக்கினேன், அன்றைக்கே கண்ணாடிகள் ஏறின. அந்தத் தெம்பில் அடுத்த படம். கிடங்கின் தகரக் கூரையில் வெளிச்சத்துக்காக அங்கங்கே ஃபைபர் ஷீட் போட்டிருந்தார்கள். அது ஆள் பாரம் தாங்காது. கூரையை வரைந்து, ஃபைபர் ஷீட்டின் மேல் பெரிதாகச் சிவப்பு இன்ட்டு மார்க் போட்டேன்.

எங்கள் சைட்டில் காற்று போக ஃபேன் வைக்கக் கூரைத் தகரத்தை வெட்ட வேண்டிய இடத்தில் ஃபோர்மேன் போடுவதும் இன்ட்டு மார்க்தான். தினமும் பார்த்த விஷயம். படம் போடும்போது என் மூளைக்கு எட்டவில்லை.

மங்ளுவின் தங்கை கணவர் சுக்ராம் என் படத்தைப் பார்த்தார், வெட்டும் மெஷினோடு கூரைக்கு ஏறினார். பெல்ட் கொக்கியைக் கயிற்றில் மாட்டுவதற்குள் கால் ஃபைபர் ஷீட்டில் பட்டுவிட்டது. கீழே மணல் குவித்திருந்ததால் உயிர் தப்பியது. இடுப்பு எலும்பு போயிற்று. இனிமேல் உயரத்தில் ஏறவே முடியாது என்றார் டாக்டர். ஆஸ்பத்திரியில் அவர் கட்டிலுக்குப் பக்கத்தில் நின்றேன். அழுகை வந்தது. சுக்ராம் கோபப்படவில்லை. தெரிந்த அரைகுறைத் தமிழில் சொன்னார்:

"நீங்க காட்டின இடத்துக்குத்தான் சார் போனேன்."

சிவப்புத் துண்டு

படத்தைக் கழற்றிக்கொண்டு வந்து பிரஷ்ஷை மங்ளுவிடம் கொடுத்தேன். அவர் இன்ட்டு மார்க் எதுவும் போடவில்லை. உடைந்த ஷீட், கீழே மணலில் மடங்கிக் கிடக்கும் ஆள், மஞ்சள் ஹெல்மெட், இடுப்பில் சிவப்புத் துண்டு. அந்தத் துண்டு இல்லாமல் சுக்ராமை யாரும் பார்த்ததில்லை. மாட்டலாமா என்று அவரிடமே போனில் கேட்டோம், மாட்டச் சொன்னார்.

கோடு கோணல்தான். ஆனால் கூரைக்கு ஏறுகிறவர்கள் எல்லாரும் அதை ஒருதரம் பார்த்துவிட்டுத்தான் ஏறினார்கள். புதிதாக வருகிறவர்களை மங்ளு முதலில் அங்கேதான் அழைத்துப் போவார்.

கூரை வேலை முடிகிற சமயத்தில் சுக்ராம் ஊரிலிருந்து கூப்பிட்டார். கம்பு ஊன்றி வாசல் வரைக்கும் நடக்கிறாராம். நான் மன்னிப்புக் கேட்க வாயெடுப்பதற்குள் அவர் முந்திக்கொண்டார்:

"எனக்கப்புறம் யாரும் விழலையே சார்?"

படம் போட்டால் பேச வேண்டாம் என்று ஆரம்பித்த நான், இப்போதெல்லாம் ஒரு படம் போடுவதற்கு முன்னால் அரை நாள் அவர்களிடம் கேட்டுக்கொண்டிருக்கிறேன், அதுவும் இந்தியில்.