நுரைக்காத ஜாடி

பக்கத்து வீட்டுக் கிறிஸ்டிக்கு ஒரு கோட்டி புடிச்சுதுன்னா, அதை முடிக்காம அவளுக்குச் சோறு இறங்காது. வி.கே.புரம் மில்லுல எட்டு மணி நேரம் நின்னு நூல் சுத்துத வேலை. வீட்டுக்கு வந்தா செத்த காலை நீட்டி உக்காருவான்னு பாத்தா, நேரா அடுப்பங்கரைக்குப் போயி எதையாவது இடிச்சுக்கிட்டு இருப்பா. எல்லாம் அந்தச் சைடருக்காக.

சைடர்னா வேற ஒண்ணுமில்ல. ஆப்பிளைச் சாறு புழிஞ்சு, சீனி போட்டு, ஜாடி வாயைத் துணியால கட்டி வச்சு நுரைக்க விடுதது. பட்டாளத்துல இருந்த அவ அண்ணன் இமாச்சல்ல கத்துக்கிட்டு வந்து, ஒரு கிறிஸ்மஸுக்குச் செஞ்சு காட்டுனாரு. அவரு அதோட மறந்துட்டாரு, இவ விடல. வெறும் ஆப்பிள் சப்புன்னு இருக்காம். அடுத்த வருஷம் பட்டை போட்டா, அதுக்கடுத்து மாங்கா இஞ்சி, அதுக்கடுத்து கருப்பட்டி. வருஷத்துக்கு ஒரு வாசம் புதுசா ஏறணும் அவளுக்கு.

இதுல இந்த நசீமாவுக்கு, அதான் எனக்கு, என்ன வேலைன்னு கேப்பிய. எங்க வாப்பா மேலப்பாளையத்துல மசாலாச் சாமான் கடை வச்சிருந்தாங்க. மூட்டைக்கு நடுவுலயே வளந்தவ நான், என் மூக்கு பொய் சொல்லாது. கிறிஸ்டி ஜாடியைத் தூக்கிட்டு வந்து துணியை அவுத்து என் மூஞ்சிக்கு நேரா நீட்டுவா. கிராம்பு தூக்கலா இருக்கு, ரெண்டை எடுத்துருன்னு சொல்லுவேன். ஜாதிபத்திரி ஒரு இதழ் போடும்பேன். சொன்னபடி செய்வா. கிறிஸ்மஸ் அன்னைக்கு எங்க லைன் வீடு பூராவும் அதைக் குடிச்சுட்டு ஆஹா ஓஹோங்கும். எனக்குக் கேக்கு மட்டும் வரும். நுரைச்சது, போதை உள்ளது, எங்களுக்கு ஹராம். பன்னெண்டு வருஷமா நான் பக்குவம் சொன்ன சரக்கு, ஒரு சொட்டு என் நாக்குல பட்டதில்ல. அது நம்ம மார்க்கம், அதுல எனக்குக் குறையில்ல. ஆனா அவளுக சப்புக்கொட்டும்போது வயிறு எரியத்தான் செய்யும், அதையும் மறைக்க மாட்டேன்.

என்னைவிட அவளுக்குத்தான் அது பெரிய கொறை. டம்ளரை எனக்கு நீட்ட முடியலயேன்னு வருஷா வருஷம் புலம்புவா.

போன சித்திரையில முக்கூடல்ல ஒரு கல்யாணத்துக்கு ரெண்டு பேரும் போனோம். ரோட்டோரம் பதநீர் குடிச்சோம். கிறிஸ்டி குடிக்கதை விட்டுட்டு அந்தக் கலயத்துக்குள்ள தலையை விட்டுப் பாக்குதா. உள்ள சுண்ணாம்பு தடவியிருந்துச்சு. இது எதுக்குன்னு கேட்டா. சுண்ணாம்பு தடவலைன்னா மத்தியானத்துக்குள்ள புளிச்சுக் கள்ளாப் போயிரும்னு பனையேறுத அண்ணாச்சி சொன்னாரு. அவ்வளவுதான், இவ முழியே மாறிட்டு. பஸ்ஸுல என் கையைப் புடிச்ச புடியில வளையல் நெளிஞ்சு போச்சு.

"ஏட்டி நசீமா, இந்தக் கிறிஸ்மஸுக்கு நீ என் சைடரைக் குடிக்கப் போற பாத்துக்கோ."

அன்னையிலேருந்து எங்க ரெண்டு பேருக்கும் தூக்கமில்ல. புளிக்கலைன்னா அது வெறும் பழச்சாறுதான், தாராளமாக் குடிக்கலாம்னு பள்ளிவாசல் ஆலிம்சா கிட்ட கேட்டு வச்சுட்டேன். பழைய ஜாடியில நுரைச்சது பட்டிருக்குன்னு கிறிஸ்டி எனக்காக அம்பாசமுத்திரம் போயி புது ஜாடி வாங்கிட்டு வந்தா; பழைய ஜாடியில மத்தவளுகளுக்கு வழக்கம்போல நுரைக்கும். என்ன வாசம் ஏத்தணும்னு மட்டும் ஆறு மாசம் சண்டை போட்டோம். சுக்கும் ஏலமும் கொஞ்சம் கருப்பட்டியும்னு முடிவாச்சு. கிறிஸ்மஸுக்கு முந்தின நாள் காலையில அவ சாறைக் காய்ச்சி ஆற வச்சு, ஜாடிக்குள்ள சுண்ணாம்பு பூசுனா. எதுக்கும் இருக்கட்டும்னு ரெண்டு பூச்சு. நானும் பக்கத்துலதான் நின்னேன், இன்னும் கொஞ்சம் பூசுட்டின்னு சொன்னதே நான்தான்.

மறுநாள் கோயிலுக்குப் போயிட்டு வந்தவ, பட்டுச்சேலை கூட மாத்தல. லைன் வீட்டுப் பொம்பளைக எல்லாரும் கூடிட்டாளுக, நசீமா குடிக்கதைப் பாக்க. ஜாடித் துணியை அவுத்தா.

அல்லாவே, ஆப்பிள் வாசத்தையே காணோம். வெள்ளையடிச்ச செவுத்துல தண்ணி பட்டா வருமே, அந்த வாசம். அப்பதான் என் மண்டையில உறைச்சுது. பதநீர் இனிப்பை மட்டும் நம்பி நிக்குத சாமான். ஆப்பிளுக்குப் புளிப்புதான் உசுரு. அந்தப் புளிப்பை ரெண்டு பூச்சுச் சுண்ணாம்பும் தின்னுட்டு. ஏலமும் சுக்கும் அதுக்குள்ள எங்கன கெடந்துச்சோ தெரியல. மசாலாக் கடைக்காரன் மகளும் பன்னெண்டு வருஷம் சைடர் காய்ச்சுனவளும் சேந்து நின்னு செஞ்ச வேலை இது.

கிறிஸ்டிக்கு அது தெரியல. டம்ளரை நீட்டிக்கிட்டு என் வாயையே பாக்குதா.

பிஸ்மி சொல்லி வாங்கிக் குடிச்சேன். வெத்தலைக்குத் தடவுத சுண்ணாம்பை விரலோட நக்குனாப்புல இருந்துச்சு. மடக்கு மடக்குன்னு முழுசாக் குடிச்சுட்டு, இன்னும் ஊத்துன்னு டம்ளரை நீட்டுனேன். லைன் வீடே கை தட்டுச்சு. ரெண்டாவதையும் பாதி குடிச்சேன். கிறிஸ்டி சிரிப்பும் அழுகையுமா தனக்கு ஒரு டம்ளர் ஊத்தி வாயில வச்சா. வச்ச வேகத்துல வாசல்ல போயி துப்புனா.

திரும்பி வந்து என்னை ஏசுனா பாருங்க, காது கொள்ளாது. பாவி மட்டை, இதையா நீ ஒண்ணரை டம்ளர் குடிச்சன்னு கேட்டா. என் கையிலிருந்து டம்ளரைப் புடுங்கப் பாத்தா. ஜாடியோட சாக்கடையில ஊத்தப் போறேன்னு நின்னா. பன்னெண்டு வருஷம் காக்க வச்சு இந்தக் கருமத்தையா உனக்குக் குடுத்தேன்னு அவ தேம்புனா. டம்ளரை நான் விடல.

"சும்மா கெடட்டி. இத்தன வருஷமும் மூக்காலதான குடிச்சேன். இன்னைக்காவது வாயால குடிக்க விடு."

லைன் வீட்டுப் பொம்பளைக நைசா நுரைச்ச ஜாடிப் பக்கம் நகந்துட்டாளுக. கிறிஸ்டி மூக்கைச் சிந்தித் தொடச்சுட்டு என் பக்கத்துல வந்து உக்காந்தா. கீழ வச்ச தன் டம்ளரை எடுத்தா. மூக்கைப் புடிச்சுக்கிட்டு முழுசாக் குடிச்சு முடிச்சா. அந்தக் கிறிஸ்மஸுக்கு அவ மத்த ஜாடியைத் தொடவே இல்ல.