தெளிவில்லை என்று நான் திருப்பிய மனு

சான்றிதழ் மனுக்கள் ஆன்லைனுக்கு மாறியபோது, இனி வேலை குறையும் என்றுதான் நானும் நம்பினேன். அப்போது வெண்ணந்தூர் பக்கம் ஒரு கிராமத்தில் நான் வி.ஏ.ஓ. மனு கம்ப்யூட்டரில் வந்தது. பேப்பர் ரிஜிஸ்டர் எழுதுவதும் நிற்கவில்லை. வாராவாரம் மீட்டிங்கில் தாசில்தார் பெண்டிங் லிஸ்ட்டை வாசிப்பார். "உங்க லாகின்ல மட்டும் ஏம்மா இத்தனை நிக்குது?"

எண்ணிக்கையைக் குறைக்க ஒரு சுலப வழி பிடித்தேன். சின்னக் குறை இருந்தாலும் 'ஆவணம் தெளிவில்லை' என்று போட்டுத் திருப்பிவிடுவேன்.

ஒரு நாள் காலையில் பூங்கொடி ஆபீசுக்கு வந்தார். விசைத்தறியில் வேலை பார்ப்பவர். மகளுக்கு முதல் பட்டதாரி சான்று கேட்டு மூன்று தடவை விண்ணப்பித்திருந்தார். மூன்றையும் திருப்பியது நான். கவுன்சலிங்குக்குச் சான்றைப் பதிவேற்ற அன்றுதான் கடைசி நாள்.

"ஏனுங்க மேடம், எதுங்க தெளிவில்ல? மூணு தடவையும் புதுசா ஸ்கேன் பண்ணித்தானுங்க போட்டேன். ஒவ்வொரு தடவையும் தறிக்கு லீவுங்க."

அவர் கோபப்பட்டிருந்தால்கூடத் தேவலை. மனுவைத் திறந்தேன். ஸ்கேன் பளிச்சென்று இருந்தது. மூத்த மகன் பட்டம் படிக்கவில்லை என்பதற்கு அவனுடைய டி.சி. மட்டும் இணைக்கவில்லை. அதை நான் ஒரு தடவைகூட எழுதவில்லை.

"பையனோட டி.சி. இருக்குதுங்களா?"

"ஊட்லயேதானுங்க இருக்குது. கேட்டிருந்தா மொத நாளே கொண்டாந்திருப்பனுங்களே."

அரை மணியில் கொண்டுவந்தார். இ-சேவை மையத்தில் மறுபடி பதியவைத்து, உடனே பரிந்துரை செய்தேன். அடுத்துப் பார்க்க வேண்டிய வருவாய் ஆய்வாளர், எங்கள் ஆர்.ஐ., பயிர்க் கணக்கெடுப்புக்குப் போயிருந்தார். அவருக்குப் போன் போட்டேன். "தப்பு என்னோடதுங்க சார். கொஞ்சம் பாருங்க." அவர் பைக் சீட்டில் லேப்டாப்பை வைத்து, அங்கிருந்தே தாலுகா ஆபீசுக்கு அனுப்பினார். மூன்று மணிக்குச் சான்று வந்துவிட்டது. பேப்பர் மனுவாக இருந்தால் அன்று என் மேசையையே தாண்டியிருக்காது.

"ஏத்தியாச்சுங்க மேடம்" என்று பூங்கொடி போனில் சொன்னபோதுதான் சாப்பிட உட்கார்ந்தேன். மகளுக்குச் சேலத்திலேயே கல்லூரி கிடைத்தது.

மறுநாளிலிருந்து, திருப்பும் முன் மனுதாரருக்குப் போன் செய்தேன். முதல் இரண்டு வாரம் பெண்டிங் ஏறியது. மீட்டிங்கில் எழுந்து காரணம் சொன்னேன். தாசில்தார் யோசித்தார். "சரிம்மா, ஒரு மாசம் பாப்போம்." மாதம் முடிவதற்குள் லிஸ்ட் பாதியாகிவிட்டது. அத்தனை நாள் நானே திருப்பிய மனுக்கள்தான் மறுபடி என்னிடம் வந்து குவிந்திருந்தன.

புதிதாக லாகின் வாங்குகிறவர்களுக்கு ஒன்று சொல்வேன். திருப்பத்தான் வேண்டுமென்றால், என்ன குறை என்று முழுதாக ஒரு வரி எழுதுங்கள். உங்கள் வேலையும் அங்கேதான் குறையும்.