குளவிக்குக் கொடுத்த கண்ணாடி

சேத்தியாத்தோப்பு வேன் டிரைவர் மணவாளன் ஊரில் யாரோடும் மல்லுக்கு நிற்பார்; மனைவி கலைமணியிடம் மட்டும் வாய் திறக்கமாட்டார். மறுநாள் சிதம்பரத்தில் பழைய வேனுக்குத் தகுதிச் சான்று வாங்கும் எஃப்.சி. சோதனை. பார்த்தால், வேனுக்குள் டிரைவர் பின்னால் பார்க்கும் கண்ணாடியின் முதுகில் குளவி மண்கூடு கட்டியிருந்தது.

"ஒடச்சீங்க, சோறு கெடையாது. குளவி கூடு கட்டுனா வூட்ல புள்ள பொறக்கும். மருமவ மூணு வருஷமா காத்துக்கிட்டு இருக்கா" என்றாள் கலைமணி.

குளவி பறக்கிற வண்டியில் எந்த அதிகாரி ஏறுவார்? மணவாளன் இரண்டு கொட்டு வாங்கிக்கொண்டு கண்ணாடியையே கழற்றி, மருமகள் அறையில் ஆணியடித்து மாட்டினார்.

சிதம்பரத்தில் அதிகாரி எட்டிப் பார்த்தார். "கண்ணாடி எங்கய்யா?"

"பிரசவத்துக்குப் போயிருக்கு சார்."

விவரம் கேட்டு அதிகாரி சிரித்துவிட்டார். "வேற மாட்டிக்கிட்டு மத்தியானம் வா, பாஸ் பண்றேன். புள்ள பொறந்தா எனக்கும் மிட்டாய் வரணும்."